தளர மறுக்கும் இதயம்

(தென்காசியில் ஆற்றப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

அறுபதைத் தாண்டிய ஒருவர் எக்கோ எடுத்துவிட்டு வெளியே வந்தால், கையில் கிடைக்கும் தாளில் பெரும்பாலும் இரண்டு வரி இருக்கும். ஒன்று, இதயம் பிழிந்து தள்ளும் பங்கைச் சொல்லும் ‘இ.எஃப். 62 சதவீதம், நார்மல்’. இன்னொன்று, ‘கிரேடு ஒன் டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’. முதல் வரியைப் பார்த்து மகன் மூச்சு விடுவான். இரண்டாவது வரியைப் பார்த்து மருமகள் செல்போனில் தேட ஆரம்பிப்பாள். மறுபடி உள்ளே போய்க் கேட்டால், “வயசுக்கு உள்ளதுதான் அண்ணாச்சி, பயப்படாதிய” என்று சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த ‘வயசுக்கு உள்ளது’ என்ன என்று விளக்க அவருக்கு நேரமில்லை. இந்த அவைக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. எனவே பேச்சு முழுக்க அந்த இரண்டாவது வரியைப் பற்றியது.

தமிழில் முதுமை என்றாலே தளர்ச்சிதான். தோல் தளர்கிறது, நடை தளர்கிறது, பிடி தளர்கிறது. அந்த வரிசையில் இதயமும் தளர்ந்து, வலுவிழந்து, ஒருநாள் ஓய்ந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. அமெரிக்காவின் பால்டிமோரில் 1958 முதல் ஒரு முதுமை ஆய்வு நடந்துவருகிறது. இளமையிலிருந்து கிழப்பருவம் வரை அதே மனிதர்களைத் திரும்பத் திரும்ப அழைத்துச் சோதிக்கும் ஆய்வு அது. எட்வர்ட் லகாட்டாவும் அவருடைய குழுவினரும் அதில் இதயத்தைக் கவனித்தார்கள். நோயில்லாத எண்பது வயது இதயம், ஆள் சும்மா உட்கார்ந்திருக்கும் வேளையில், இருபது வயது இதயத்துக்குச் சளைக்காமல் இரத்தத்தைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. ஆனால் பிழிந்தபின் விரிந்து மறுபடி நிரம்புகிற தொடக்க வேகம், இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது.

ஆக, குறைவது சுருங்கும் பலம் அன்று. சுருங்கியபின் விட்டுக்கொடுக்கும் திறம். எக்கோ தாளின் இரண்டாவது வரி சொல்வது இதைத்தான். உடம்பெல்லாம் தளரும் பருவத்தில் இதயம் தளர முடியாமல் நிற்கிறது. ‘தளர்ந்த இதயம்’ என்ற வழக்கை மருத்துவம் தலைகீழாகத் திருப்பிவிட்டது.

எக்கோ அறைத் திரையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு மேடுகள் எழும். முதல் மேடு, இடது கீழறை தானே விரிந்து இரத்தத்தை உறிஞ்சிக்கொள்வது. இரண்டாவது, கடைசி நொடியில் மேலறை சுருங்கி மிச்சத்தைத் தள்ளுவது. இருபது வயதுப் பிள்ளைக்கு முதல் மேடு மலை, இரண்டாவது திட்டு. அறுபதை ஒட்டி இரண்டும் சமமாகும். அப்புறம் திட்டு மலையாகிறது. கீழறை தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்ததை இப்போது மேலறை ஊட்டிவிட வேண்டியிருக்கிறது. அந்த மேலறை ஒருநாள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்க ஆரம்பித்தால், இளைஞர் பொறுத்துக்கொள்வார். வயதானவருக்குச் சில மணி நேரத்திலேயே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். ஊட்டுகிற கை நின்றுபோயிற்று, அவ்வளவுதான்.

நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.85 விநாடி. அதில் சுருங்க 0.3 விநாடி, விரிந்து நிரம்ப மீதி. குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்குப் படியேறும்போது துடிப்பு 120 ஆனால் மொத்தமே அரை விநாடி. அந்தக் குறைவில் பெரும்பங்கு விரியும் நேரத்திலிருந்துதான் வெட்டப்படுகிறது. மெதுவாக விரிகிற இதயத்துக்கு இது இரட்டை அடி. உட்கார்ந்திருக்கும்போது ஒரு குறையும் தெரியாத அண்ணாச்சி பாதி வழியில் பாறையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவதன் கணக்கு இதுதான்.

இனி அந்தச் சதைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

இதயத் தசைச் செல் ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் மையோசின் இழைகளும் ஆக்டின் இழைகளும் மாறிமாறி அடுக்கியிருக்கும். தேர்வடம் பிடிப்பவர்கள் கைமாற்றி இழுப்பதுபோல, மையோசினின் சின்னஞ்சிறு தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கும். அந்த இழுப்புதான் துடிப்பு. இழுக்கச் சொல்லும் கட்டளை கால்சியம்.

கால்சியத்தின் பங்கு வெளிப்பட்ட கதை குழாய்த் தண்ணீரில் தொடங்குகிறது. 1880களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளை இதயத்தை உப்புக்கரைசலில் போட்டுத் துடிக்கவைத்துக்கொண்டிருந்தார். நன்றாகவே துடித்தது. பிறகுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. கரைசலை வாலைவடித்த நீரில் கலக்கவில்லை, லண்டன் குடிநீர்க் கம்பெனியின் குழாய்த் தண்ணீரில் கலந்திருந்தார்கள். சுத்தமான நீரில் செய்து பார்த்தால் துடிப்பு நின்றது. குழாய்த் தண்ணீரிலிருந்த சுண்ணாம்புச் சத்துதான் இதயத்தை ஓட்டியிருக்கிறது. 1883இல் அந்தத் தவற்றை ஒளிக்காமல் அச்சில் எழுதினார். இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் தொங்குகிற ‘ஆர்.எல்.’ பாட்டிலில், ரிங்கர் லாக்டேட்டில், இருப்பது அவர் பெயர்.

கால்சியம் வெள்ளமாக உள்ளே வந்தால் இழுப்பு. அதை முழுக்க அள்ளிச் செல்லின் சேமிப்பறைக்குள் பூட்டினால் விடுப்பு. அள்ளும் வேலையைச் செய்வது செல்லுக்குள் இருக்கும் ஒரு புரத பம்பு. வயதாக ஆக இந்தப் பம்பு மெதுவாகிறது. போதாததற்கு, பம்புக்கு வேண்டிய ஆற்றலைத் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களும் முன்போல் சுறுசுறுப்பாக இல்லை. கால்சியம் தங்கிவிடுகிறது. வடத்தை விடச் சொல்லியும் சில கைகள் இன்னும் பிடித்துக்கொண்டே இருக்கின்றன.

விடுவதற்கு ஆற்றல் எதற்கு என்று தோன்றும். இழுப்பதுதானே உழைப்பு? இழவு வீட்டைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். உயிர் போன சில மணி நேரத்தில் உடம்பு விறைத்துவிடுகிறது. கைகால் மடக்க முடியாமல் போவதற்குள் குளிப்பாட்டிவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்துவது அதனால்தான். ஆற்றல் தீர்ந்தபின் மையோசினால் பிடியை விடுவிக்க முடிவதில்லை. பிடித்தது பிடித்தபடி நின்றுவிடுகிறது. ஆக, இறந்த தசையின் இயல்பு தளர்ச்சி அன்று, விறைப்பு. உயிருள்ள தசைதான் செலவழித்துத் தளர்கிறது.

இந்த இழைகளுக்கு நடுவே டைட்டின் என்றொரு புரதம் உண்டு. மனித உடலின் புரதங்களிலேயே மிகப் பெரியது, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கோத்த ஒற்றைச் சரம். ஜப்பானில் மருயாமாவும் அமெரிக்காவில் குவான் வாங்கும் 1970களின் பிற்பகுதியில் தனித்தனியே இதைக் கண்டார்கள். இதன் வேலை ஸ்பிரிங்கின் வேலை. செல் சுருங்கும்போது அழுந்தி, விடும்போது எகிறி, கீழறையைத் திறந்துவிடும். கீழறை வெறுமனே நிரம்புவதில்லை, உறிஞ்சுகிறது என்று சொன்னது இதை வைத்துத்தான். நீரிழிவும் நெடுநாள் இரத்த அழுத்தமும் சேர்ந்தவர்களிடம் இந்த ஸ்பிரிங் முறுக்கேறி விறைத்துப்போவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

செல்லுக்கு வெளியே இன்னொரு கதை நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள செங்கோட்டைச் சாலையில் பிரானூர் பார்டர் வரைக்கும் போனால் போதும்.

பார்டர் கடைக் கல்லில் புரோட்டா விழுகிறது. எண்ணெய் பட்டுச் சற்று நேரத்தில் வெளுத்த மாவு பொன்னிறமாகி, விளிம்பில் பழுப்பேறி, மொறுமொறுவென்று ஆகிறது. மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் ஒன்றோடொன்று பிணைந்து நிறமும் மணமும் கொள்கிற வேதிவினை அது. 1912இல் அதை விளக்கிய பிரெஞ்சுக்காரர் லூயி காமில் மய்யார். அதே வினை மனித உடலிலும் நடக்கிறது. கல் சூடு இல்லை, 37 டிகிரி உடல் சூடு. இரண்டு நிமிடம் இல்லை, ஐம்பது ஆண்டு. இரத்தச் சர்க்கரை புரதங்களில் ஒட்டி, நாளடைவில் இழைக்கும் இழைக்கும் முடிச்சுப் போடுகிறது.

சர்க்கரைக்காரர்கள் ‘மூன்று மாத டெஸ்ட்’ என்று எடுக்கும் எச்.பி.ஏ.1.சி. அளப்பது இந்த ஒட்டலின் முதல் படியைத்தான். சிவப்பணு சுமார் 120 நாள்தான் வாழும் என்பதால் அந்தக் கணக்கு மூன்று மாதத்தோடு கழிந்துவிடுகிறது. இதயத் தசைச் செல்களைச் சுற்றி வலைபோல் கட்டியிருக்கும் கொலாஜனுக்கு அப்படிக் கழியும் வசதி இல்லை. அது ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கிறது. முடிச்சுமேல் முடிச்சு விழுந்து, நெகிழ்ந்த வலை கம்பி வலையாகிறது. வயது ஏற ஏறக் கொலாஜனும் கூடுகிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குக் கல் சற்றுக் கூடுதலாகக் காய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பார்டர் புரோட்டாவை இப்படிச் சொன்னதற்குக் கடைக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செல்களின் எண்ணிக்கையும் மாறுகிறது. இதயச் செல் பிறந்தது பிறந்ததுதான், புதிதாக வராது என்று நெடுங்காலம் பாடம் நடந்தது. அதைத் திருத்த உதவியது அணுகுண்டு. 1963 வரை வானில் வெடித்த சோதனைக் குண்டுகளால் காற்றில் கார்பன்-14 பெருகி, பிறகு படிப்படியாகக் குறைந்தது. ஒவ்வொரு செல்லும் தான் பிறந்த காலத்துக் கார்பனைத் தன் டி.என்.ஏ.வில் முத்திரையாக வைத்திருக்கும். ஸ்டாக்ஹோமில் யோனாஸ் ஃப்ரீசென் குழுவினர் அந்த முத்திரையைப் படித்து 2009இல் கணக்குச் சொன்னார்கள். 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு செல் புதிதாகிறது. 75 வயதில் அது 0.45 சதவீதம். ஐம்பது வயதுக்காரரின் இதயத்தில் பாதிக்குமேல், சுமார் 55 சதவீதம், பிறந்தபோது வந்த செல்களே. அவற்றில் சில மடிகின்றன. மிஞ்சியவை பாரத்தைப் பங்கிட்டுப் பருத்துப்போகின்றன. எரிக்க முடியாத கழிவு அவற்றுக்குள் பழுப்புத் துகளாகச் சேருகிறது. துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவில் நிலைமை இன்னும் மோசம். 75 வயதில் அங்கே எஞ்சியிருப்பவை, இருபதில் இருந்த துடிப்பூட்டிச் செல்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கிழ இதயம் வெறும் சிதிலம் என்று முடிவுகட்டக் கூடாது. கலிஃபோர்னியாவில் ஆடம் எங்லர் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வின்குலின் என்ற புரதம், செல்லின் உட்கூட்டை அதன் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும் ஆணி. முதிய எலி, குரங்கு ஆகியவற்றின் இதயத்தில் இந்த ஆணிகள் கூடியிருந்தன. கூடியது கேடா, காப்பா? பழ ஈயின் இதயத்தில் வேண்டுமென்றே இதைக் கூட்டிப் பார்த்தார்கள். அந்த ஈக்களின் இதயம் வயதான பிறகும் நன்றாகச் சுருங்கியது. அவை மற்ற ஈக்களைவிட நீண்ட நாள் வாழவும் செய்தன. பழைய வீட்டுக்காரர் விட்டத்துக்கு முட்டுக்கொடுப்பதுபோல் இதயம் தனக்குத்தானே முட்டுக்கொடுத்துக்கொள்கிறது. எக்கோ தாளில் அந்த வரி இருப்பதில்லை.

விறைத்த இதயம் முதியவர்களுக்கு மட்டும் வருவதன்று என்பதற்கு இந்த வட்டாரத்துக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம் இருந்தது. எல்லைக்கோடு மாறியும் பெரிய வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போகிற வழக்கம் மாறவில்லை. அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் முதல் இயக்குநர் எம்.எஸ். வலியத்தான். 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட ‘சித்ரா வால்வு’ அவர் தலைமையில் உருவானது. அவரை அலைக்கழித்த நோய் ஒன்று கேரளத்தின் ஏழைச் சிறுவர்களையும் இளைஞர்களையும் பிடித்தது. இதய அறையின் உட்புறத்தில் கெட்டியான நார்ப்படலம் படர்ந்துவிடும். இதயம் பிழியும், ஆனால் நிரம்பாது. வயிறு வீங்கி, கால் வீங்கி, பதினைந்து வயதில் கிழவரின் இதயத்தோடு பிள்ளை வந்து நிற்கும். ஆப்பிரிக்காவில், உகாண்டாவில், 1948இல் ஜே.என்.பி. டேவிஸ் விவரித்த அதே நோய்.

வலியத்தானும் சி.சி. கர்த்தாவும் கடற்கரை மணலைச் சந்தேகித்தார்கள். தென்கேரளம் முதல் மணவாளக்குறிச்சி வரையிலான மணலில் மோனசைட் உண்டு, மோனசைட்டில் சீரியம் உண்டு. நோயாளிகளின் இதயத் திசுவில் சீரியம் கூடுதலாக இருந்தது. மரவள்ளிக்கிழங்கே சாப்பாடான வீடுகளில் மக்னீசியக் குறைவு அதற்கு வழிவிட்டிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். எல்லோரும் ஒப்புக்கொண்ட வாதமல்ல அது. ஆனால் வறுமை குறையக் குறைய அந்த நோய் கேரளத்தில் அரிதாகிவிட்டது. விறைப்பு வயதின் கணக்கில் மட்டும் எழுதப்படுவதில்லை என்பதற்கு இதைவிட நேரடியான பாடம் கிடைப்பது கடினம்.

அதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013இல் இதயச் செயலிழப்போடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவுசெய்தார்கள். சராசரி வயது 61. மேலைநாட்டுப் பதிவுகளைவிடச் சுமார் பத்து ஆண்டு முன்னதாகவே வந்துவிடுகிறார்கள். முதியவர்களும் இங்கே அதிகம்: 2021 கணிப்பின்படி அறுபது கடந்தவர் பங்கு கேரளத்தில் 16.5 சதவீதம், தமிழ்நாட்டில் 13.6 சதவீதம். நாட்டில் முதல் இரண்டு இடம் இவைதான்.

இதயம் விறைப்பதில் பாதிப் பழி அதற்கு வெளியே, மகாதமனியில் இருக்கிறது. குற்றாலப் பேரருவியைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. தண்ணீர் சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. நேராகத் தலையில் விழுந்தால் யாரும் நிற்க முடியாது. நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளம் அந்த வேகத்தை வாங்கி, பொங்கி வழிய விடுகிறது. அதனால்தான் கீழே குழந்தையும் குளிக்கிறது. மகாதமனி உடம்பின் பொங்குமாங்கடல். இதயம் ஒரே வீச்சில் அடிக்கும் இரத்தத்தை வாங்கி உப்பி, அது ஓய்ந்திருக்கும் நேரத்தில் மெல்லச் சுருங்கி வழியவிடுகிறது. 1733இலேயே ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், தீயணைப்பு எந்திரத்தின் காற்றுக் கலத்தோடு இதை ஒப்பிட்டார்.

அந்த மீள்தன்மை எலாஸ்டின் என்ற நாரில் இருக்கிறது. உடம்பு அதைப் பெரும்பாலும் இளமையிலேயே செய்து முடித்துவிடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு, எழுபது ஆண்டில் சுமார் 255 கோடி. ஒவ்வொன்றுக்கும் விரிந்து சுருங்கிய நார் இழை இழையாக அறுகிறது. பொங்குமாங்கடல் தூர்ந்துபோனதுபோல் ஆகிறது. அப்போது மேல் பிரஷர் 160, கீழ் பிரஷர் 70 என்று வரும். கீழ் பிரஷர் இறங்கியதைப் பார்த்துப் பல வீடுகளில் மகிழ்கிறார்கள். இதயத் தசை தனக்கான இரத்தத்தைப் பெரும்பாலும் அந்தக் கீழ் அழுத்த நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

எதையாவது திருப்ப முடியுமா? 1966இல் அமெரிக்காவின் டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைத் தேடிப்பிடித்துச் சோதித்தபோது, அந்த மூன்று வாரத்தில் இழந்த அளவு உழைப்புத் திறனை முப்பது ஆண்டு வயதேறியதில்கூட அவர்கள் இழக்கவில்லை. காய்ச்சலென்று மாதக்கணக்கில் கட்டிலில் கிடத்துகிற வீடுகளில் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

அதே ஊரில் பெஞ்சமின் லெவின் குழு 2018இல் இன்னொன்றைக் காட்டியது. உட்கார்ந்தே வாழ்ந்த 45 முதல் 64 வயதினரை, வாரம் நான்கைந்து நாள் வீதம் இரண்டு ஆண்டு பயிற்சிக்கு உட்படுத்தினார்கள். அதில் நான்கு நிமிடம் மூச்சு வாங்க, மூன்று நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றிச் செய்யும் நாளும் உண்டு. கீழறையின் விறைப்பு குறைந்தது. ஆனால் 65 வயதைத் தாண்டியபின் தொடங்கி ஓராண்டு பயின்றவர்களுக்கு உழைப்புத் திறன் கூடியதே தவிர, விறைப்பு அப்படியே இருந்தது. இந்தச் செய்தி அரங்கில் முன்வரிசைக்காரர்களைவிட, அவர்களை பைக்கில் இறக்கிவிட்டு வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கும் மகன்களுக்குத்தான் அதிகம் தேவை.

முன்வரிசைக்கு அருவி இருக்கிறது. சாரல் காலத்தில் பேரருவியில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். இருபது வயதுக்காரன் ஓடிவந்து நேரே தலையைக் கொடுக்கிறான். சில்லென்ற தண்ணீர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் இறுகி, இரத்தம் நெஞ்சுப் பக்கம் திரும்புகிறது. அவன் கீழறை நெகிழ்ந்து அதை வாங்கிக்கொள்கிறது. அவன் கத்துவது குஷியில். எழுபது வயதுக்காரர் அப்படியே செய்தால், வாங்க இடமில்லாத இதயத்தின் அழுத்தம் பின்னோக்கி நுரையீரலில் ஏறும். ஏற்கெனவே விறைத்த குழாய்களில் பிரஷரும் எகிறும். கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விடுவார்.

விவரம் தெரிந்த பெரியவர்கள் வேறுமாதிரி செய்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து, ஓரத்தில் தண்ணீர் மெலிந்து விழும் இடத்தில் முதலில் காலை நனைக்கிறார்கள். பிறகு முழங்கை, தோள். நடுவில் ஒருமுறை வெளியே வந்து படியில் உட்கார்ந்து, துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்க்கிறார்கள். பேரன் வந்து கையைப் பிடித்து இழுக்கிறான். “இருல, மூச்சு எறங்கட்டும்” என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துதான் எழுந்து போகிறார்கள்.